அந்தோணியார் பிறந்த ஊருக்கு மூன்று நாள்

1

எங்கள் கல்யாணத்தின் வெள்ளி விழாவுக்கு லிஸ்பன் போவது என்று முடிவு செய்தது நானும் இல்லை, என் வீட்டுக்காரர் சேவியரும் இல்லை. மகள் ஈவ்லின். பத்தொன்பது வயது, கட்டடக் கலை படிக்கிறாள். அயர்லாந்தில், நான் நர்ஸாக வேலை பார்க்கும் இதே லிமரிக் ஊரில் பிறந்தவள்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஹாலிடேன்னா சக்குபள்ளம் மட்டும்தான். ஒரு தடவையாவது வேற எங்கயாவது போலாம்மா" என்றாள்.

பொய் இல்லை. லீவு சேர்ந்தால் கொச்சியில் இறங்குவோம், குமுளி வரை பஸ், அங்கிருந்து ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு, அம்மா வீட்டுக்கு. திரும்பும்போது பெட்டியில் ஏலமும் மிளகும். என்னோடு வார்டில் வேலை செய்கிறவர்கள் ஸ்பெயின், கிரீஸ் என்று போய் முதுகு சிவந்து திரும்புவார்கள். நானும் வெயிலில் கறுத்துத்தான் திரும்புவேன், ஆனால் யார் கண்ணுக்கும் தெரியாது.

ஈவ்லின் திட்டம் போட்டாள். அக்டோபர் கடைசியில் அவளுக்குக் கல்லூரி விடுமுறை. முதல் நாள் பழைய நகரத்துச் சந்துகள், மஞ்சள் டிராம். இரண்டாம் நாள் ஆற்றங்கரைக் கோபுரம், மடம், அங்கே ஒரு கடையில் முட்டையும் பாலும் வைத்துச் சுட்ட பலகாரம். மூன்றாம் நாள் ஓடுகளின் அருங்காட்சியகம். அந்த ஊரில் வீட்டுச் சுவர் எல்லாம் நீலப்பூ போட்ட ஓடு பதித்திருக்குமாம். அவள் போவதே அந்த ஓட்டுக்காகத்தான், எங்கள் கல்யாணம் ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியாதா? சேவியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: "அங்க சோறு கிடைக்குமா?"

முதல் நாள் திட்டத்தில் கதீட்ரலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன தேவாலயம் இருந்தது. சான்டோ அன்டோனியோ. அது அவர் பிறந்த வீடு இருந்த இடமாம், கீழே நிலவறை இருக்கிறதாம். யாரோ ஓர் அந்தோணி என்றுதான் நான் நினைத்தேன். நம் அந்தோணியாருக்கு ஊர் பதுவை, இத்தாலி. இதில் எனக்கென்ன சந்தேகம்? ஈவ்லின் போனில் படத்தைக் காட்டினாள். பழுப்பு அங்கி, கையில் குழந்தை இயேசு, லீலி மலர். சாட்சாத் நம் ஆள்.

பிறந்தது லிஸ்பன், இறந்தது பதுவை. இத்தனை வருஷம் செவ்வாய்க்கிழமை அவருடைய நவநாள் ஜெபத்துக்குப் போய் நின்ற எனக்கு இது தெரியாமல் போனதை நினைத்து வெட்கமாக இருந்தது. அவரும் எங்களைப் போல ஊரைவிட்டுப் போனவர்தான். போன ஊர் பெயரோடு ஒட்டிக்கொண்டது, பிறந்த ஊர் உதிர்ந்துவிட்டது. நாளைக்கு என்னையும் லிமரிக் ஸ்டெல்லா என்றுதான் சொல்வார்களோ என்னவோ.

2

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன்.

"என்னது? பதுவை இல்லையா? பதுவை அந்தோணியார்னுதானடி சொல்லுறோம்."

"அது அவர் செத்த ஊரும்மா. பொறந்தது நாங்க போற ஊரு."

லைன் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன். "இருக்கேன் இருக்கேன்" என்றாள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் அந்தோணியாருக்கு வேலை அதிகம். தொலைந்ததைத் தேடிக் கொடுப்பவர் அவர். சாவி காணோமா, கோழி காணோமா, காய் எடுக்கப் போன இடத்தில் மூக்குத்தி விழுந்துவிட்டதா, எல்லாவற்றுக்கும் அவர் பெயரைச் சொல்லித்தான் தேடுவோம். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு குருசடி, சின்னக் கோயில், உண்டு. உட்கார இடம் இருக்காது, நின்றுதான் ஜெபிக்க வேண்டும்.

அம்மா அங்கே தேடச் சொல்லி நின்றது என் தம்பியை.

பிரான்சிஸ் திருப்பூரில் தையல் வேலை செய்தான். ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தவன், புது வருஷப் பூசை முடிந்து குமுளியில் பஸ் ஏறினான். திருப்பூர் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் கதை. சண்டை இல்லை, கடன் இல்லை, காதல் என்றும் யாரும் சொல்லவில்லை. அப்போது நான் இங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஈவ்லின் வயிற்றில் இருந்தாள். அப்பா எல்லைக்கு எங்கள் பக்கம், கேரளப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனார். ஆள் காணாமல் போனது தமிழ்நாட்டில், அங்கே போய்க் கொடு என்றார்கள். அந்தப் பக்கம் போனார். ஆளின் விலாசம் கேரளாவில் இருக்கிறது, அங்கேயே கொடு என்றார்கள். செக்போஸ்ட்டைத் தாண்டித் தாண்டியே ஓய்ந்துபோய், சில வருஷத்தில் அப்பாவும் போய்விட்டார்.

அம்மா போலீஸை நம்பவில்லை. அந்தோணியாரிடம் நேர்ச்சை வைத்தாள். மகன் வரும்வரை செவ்வாய்க்கிழமை ஒருவேளைச் சாப்பாடு. வந்தால் தோட்டம் முழுவதற்கும் அசனம், சாதி பார்க்காமல் சகலருக்கும் சோறு போடுவது.

நேர்ச்சை வைத்தபின் ஒரு சிக்கல் வந்தது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். கல்லறைகளைத் துடைத்து, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, சாயங்காலம் அங்கேயே பூசை நடக்கும். அவரவர் வீட்டில் இறந்தவர்களின் பெயரைக் கோயில் உபதேசியாரிடம் கொடுத்தால் பூசை வைக்கும் சாமியார் வாசிப்பார். அம்மா தன்னைப் பெற்றவர்கள் பெயரைக் கொடுப்பாள், அப்பா பெயரைக் கொடுப்பாள். பிரான்சிஸ் பெயரைக் கொடுத்ததில்லை. ஒரு வருஷம் சாமியாரே கேட்டிருக்கிறார், கொடுங்கள் ஞானம்மா, அதில் தப்பில்லை என்று.

"ஒரு கையால தேடுங்கன்னும் இன்னொரு கையால அடக்கம் பண்ணுங்கன்னும் எப்பிடி சாமி கேக்குறது?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இந்த வருஷம் அம்மாவின் இருதயம் சரியில்லை. ஆபரேஷன் தாங்காது, மருந்திலேயே ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் நர்ஸ், ஓட்டலாம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது.

"அவுக பொறந்த ஊருக்குப் போறல்ல. தேட வேண்டாம், போதும்னு சொல்லிட்டு வா ஆத்தா" என்றாள்.

"என்னம்மா பேசுறீங்க?"

"நான் போயிட்டா அவன் பேர யாரு கொடுப்பா? பெத்தவளே கொடுக்கல, நாம ஏன் கொடுக்கணும்பாக. ஒரு மெழுகுவத்தி இல்லாம, ஒரு பூசை இல்லாம எம்புள்ள எங்கிட்டாவது கெடக்கணுமா? இந்தத் தடவை நான் இருக்கும்போதே கொடுத்துரணும்."

"அதை நீங்களே அங்க குருசடியில சொல்லலாமே."

"இத்தன வருசம் அதே எடத்துல நின்னு தேடுங்க தேடுங்கன்னு கேட்டவ. போதும்னு சொல்ல வாய் வருமா? போன வாரமும் போயி நின்னேன். தேடுங்கன்னுதான் வருது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் இல்லை என்று யார் சொன்னது, எங்கேயோ பிழைத்துக்கொண்டு இருக்கலாம், நாமே முடித்துவைப்பதா என்று கத்தினேன். நான் கத்தி முடிக்கும்வரை இருந்துவிட்டு அம்மா சொன்னாள்: "எனக்குத் தெரியும்ல ஸ்டெல்லா." எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

3

இனி விசாக் கதை. அயர்லாந்து ஐரோப்பாவில்தான் இருக்கிறது. ஆனால் இங்கிருந்து ஐரோப்பாவுக்குள் போக, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் எனக்கு விசா வேண்டும். ஈவ்லின் இங்கே பிறந்தவள், சேவியர் எப்போதோ அயர்லாந்துக்காரராக மாறிவிட்டார். நானும் மாறலாம் என்று இருந்தபோது அப்பா உயிரோடு இருந்தார். "ஒரு புள்ளையக் காணோம். இன்னொண்ணும் வேற நாட்டுக்காரியா ஆயிருச்சுன்னு நான் கேக்கணுமா?" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

ஒரே வீட்டில் மூன்று பேர், இரண்டு பேருக்கு டிக்கெட் போதும், ஒருத்திக்கு மட்டும் விசா என்பதை அம்மாவுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தேன்.

"செக்போஸ்ட் மாதிரியா?" என்றாள்.

"ஆமா."

"அப்பச் சரி." எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

டப்ளினில் விசா வாங்கித் தரும் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க ஒரு நாள் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்கு லீவு கேட்கப் போய், மேலதிகாரியிடம் வெளியூர் என்ற அர்த்தத்தில் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' போகிறேன் என்றேன். எந்த ஸ்டேஷன் என்று கேட்டார். எஸ்டேட்டில் கங்காணி முதல் மேனேஜர் வரை பேசிய இங்கிலீஷ் அது, இங்கே இங்கிலீஷே பேசி வளர்ந்தவர்களுக்குப் புரிவதில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அவசரத்தில் அதுதான் வாயில் வருகிறது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ரசீது, கல்யாணச் சான்றிதழ் எல்லாவற்றையும் புரட்டினாள். எதற்காகப் போகிறீர்கள் என்றாள். சுற்றுலா என்றேன். போர்ச்சுகலில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டாள். ஒருவர் உண்டு, ஆனால் அவர் எண்ணூறு வருஷத்துக்கு முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. இல்லை என்றேன்.

விமானம் கிளம்பும் நாள் வந்தது. பாஸ்போர்ட் வரவில்லை. ஈவ்லின் அலுவலகத்துக்குப் போன் மேல் போன் போட்டாள், சேவியர் தபால்காரர் வரும் வழியைப் பார்த்தபடி ஜன்னலில் நின்றார். நான் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு அவர்களுக்குச் சட்டை மடித்துக் கொடுத்தேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதி. போனால்தானே சொல்ல வேண்டும்? போகவில்லை என்றால் நான் சொல்லவில்லை, அந்தோணியார் தேடிக்கொண்டே இருப்பார். டிக்கெட்டை மாற்ற முடியாது, நீங்கள் இருவரும் போய் வாருங்கள் என்றேன். வெள்ளி விழாவுக்கு மாப்பிள்ளை மட்டும் தேனிலவு போன வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

4

அம்மா என்னைவிட விவரமானவள். விசா வரவில்லை என்று வீடியோவில் சொன்னதும், "பாப்பாகிட்டக் குடு" என்றாள்.

ஈவ்லின் கோயிலுக்குப் போவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. எனக்கும் அவளுக்கும் அதில் நடந்த சண்டை போதும் போதும். மாமா என்று ஒருவர் இருந்தார், காணாமல் போனார் என்று தெரியுமே தவிர, அவள் அவனைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அவன் பேச்சு வந்தால் யாராவது எழுந்து போய்விடுவோம். குழந்தை அதைப் பார்த்துத்தான் வளர்ந்தது. அவள் எங்களைவிட்டு விலகிப் போகிறாள் என்று நான் புலம்புவதில் பாதி, நாங்கள் அவளுக்குத் திறக்காத கதவு.

அம்மா அவளிடம் விஷயத்தைச் சொன்னாள். ஈவ்லின் முகம் மாறியது.

"அம்மாச்சி, எனக்கு ப்ரே பண்ணத் தெரியாது."

"தெரிய வேண்டாம். போயி சொல்லிட்டு வா."

"நான் நம்பல அம்மாச்சி. அதெல்லாம் நம்பாம போய்ச் சொன்னா, அது ஃபேக் ஆகாதா?"

நான் பல்லைக் கடித்தேன். அம்மா அசரவில்லை.

"நம்புனவ கேட்டுக் கேட்டு ஒண்ணும் நடக்கலையே பாப்பா. நம்பாதவ சொல்லிப் பாரு."

ஈவ்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்தோணியார் பிறந்தது அவர்கள் சொந்த வீடா? யார் யார் இருந்தார்கள்? எந்த வயதில் கிளம்பினார்? ஈவ்லின் போனில் தேடித் தேடி, தன் உடைந்த தமிழில் சொன்னாள். சின்ன வயதிலேயே மடத்தில் சேர்ந்தாராம். அப்புறம் கப்பலில் ஆப்பிரிக்கா போனாராம், அங்கே காய்ச்சல் வந்து திரும்பும்போது கப்பல் காற்றில் திசை மாறி இத்தாலிக்குப் போய்விட்டதாம். அங்கேயே இருந்துவிட்டாராம். செத்ததும் அங்கேதானாம்.

"அப்ப அவுக அம்மா?"

"அம்மா பத்தி ரொம்ப இல்ல அம்மாச்சி. பேரு மட்டும் போட்டிருக்கு."

"திரும்பி வந்து அம்மாவப் பாத்தாரா?"

ஈவ்லின் திரையை மேலும் கீழும் தள்ளிப் படித்தாள். "வந்தார்னு இதுல இல்ல."

அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொள்ள நேரம் ஆயிற்று.

"உலகத்துல காணாமப் போனதையெல்லாம் தேடிக் கொடுத்தவரு, பெத்தவகிட்டத் திரும்பிப் போகல" என்றாள். அதில் குற்றச்சாட்டு இல்லை. பக்கத்து வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். "அப்ப அவருகிட்டச் சொல்ல வேண்டாம் பாப்பா. அது அந்தம்மா வீடுல்ல? அந்தம்மாகிட்டச் சொல்லு. அவளுக்குத் தெரியும்."

5

முதல் நாள் மத்தியானம் படங்கள் வந்தன. மஞ்சள் டிராமுக்கு முன்னால் சேவியர், பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல் கையை ஒட்டவைத்து நின்றார். நீல ஓட்டுச் சுவர். மீண்டும் நீல ஓட்டுச் சுவர். மேட்டில் இருந்து பார்த்தால் தெரியும் பெரிய ஆறு, கடலைப் போல் அகலமாக. இரண்டாம் நாளுக்கு வைத்திருந்த பலகாரம் முதல் நாளே வழியில் கிடைத்துவிட்டதாம், அந்தப் படத்துக்குக் கீழே சேவியர், 'இனிப்பு ஜாஸ்தி, சோறு கிடைத்தது' என்று எழுதியிருந்தார்.

சாயங்காலம் ஈவ்லின் குரலைப் பதிந்து அனுப்பினாள். அப்போது நான் வார்டில் ஒரு கிழவருக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். கை வேலையை முடித்துவிட்டு, துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கேட்டேன். அப்படியே எழுதுகிறேன்:

"அம்மா, கீழ ரொம்பச் சின்ன இடம். படி இறங்கிப் போகணும். நிறைய பேர் போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க, அவங்க போற வரைக்கும் நின்னோம். நான் தமிழ்லதான் சொன்னேன். அந்தோணியாரோட அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனா அம்மாச்சிக்கு போர்ச்சுகீஸ் தெரியாதுல்ல. சக்குபள்ளம் ஞானம்மா அனுப்பினாங்கன்னு சொன்னேன். உங்க பையன் வரலன்னு படிச்சேன், அவங்க பையனும் வரல. இனிமே அவங்க காத்திருக்கல. உங்க பையன்கிட்டச் சொல்லிடுங்க, இவ்வளவு நாள் தேடினதுக்கு தேங்க்ஸ்னு. அவ்வளவுதான்மா. சரியா சொன்னேனா? அப்புறம், அப்பா அழுதார். ரொம்ப நேரம். அப்பா அழுது நான் பார்த்ததே இல்ல. மாமாவும் அவரும் ஒரே ஜீப்ல தொங்கிட்டு ஸ்கூல் போவாங்கன்னு சொன்னார். நீங்க ரெண்டு பேரும் ஏன் எனக்கு இதெல்லாம் சொன்னதே இல்ல?"

அதை நான் அம்மாவுக்கு அனுப்பினேன். நன்றி சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை. கேட்டோம், கிடைக்கவில்லை, மறுபடி கேட்டோம். இத்தனை வருஷமாகக் கிடைக்காத ஒன்றுக்கு நன்றி சொல்ல, நம்பிக்கை இல்லாத ஒரு பெண்ணால்தான் முடிந்திருக்கிறது. பெருமைப்பட வேண்டிய இடம். நான் துணி அறையின் தரையில் உட்கார்ந்து அழுதேன். என் தம்பியை என் மகள் என்னைக் கேட்காமல் வழியனுப்பிவிட்டாள் என்று அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாஸ்போர்ட் அதற்கு மறுநாள் தபாலில் வந்தது, விசாவோடு.

6

நவம்பர் இரண்டாம் தேதி, எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அங்கே சாயங்காலம். அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி வீடியோவில் கூப்பிட்டு, கல்லறைத் தோட்டத்தைக் காட்டியபடி போனைப் பிடித்திருந்தாள். மழைக்குப் பின் மண் சிவப்பாக இருந்தது. எல்லாக் கல்லறையிலும் மெழுகுவர்த்தி. அம்மாவுக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். சாமியார் பெயர்களை வாசித்தார். அப்பா பெயர் வந்தது. அடுத்து, பிரான்சிஸ். இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே என்று எல்லோரும் பதில் சொன்னார்கள். அதில் அம்மா குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அம்மாவே போன் செய்தாள்.

"கேட்டியா? பேர நல்லா வாசிச்சாரு."

"கேட்டேம்மா."

"வீட்டுக்கு வந்து படுத்தேன். விடிஞ்சதுதான் தெரியும். இப்பிடித் தூங்கி எத்தன காலமாச்சு. பெத்த புள்ள பேர செத்தவுகளோட வாசிச்ச அன்னிக்கு, நல்லாத் தூங்கிட்டேன்டி ஸ்டெல்லா." குரல் உடைந்தது. "பாவியா நான்?"

"இல்லம்மா. இல்ல."

கொஞ்ச நேரம் அழ விட்டேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"நீ சொல்லிட்டியா?"

எதை என்று நான் கேட்கவில்லை; தேடியது போதும் என்று அந்தோணியாரிடம் சொல்வதைத்தான். "இன்னும் இல்லம்மா" என்றேன்.

"அவசரமில்ல. ஒனக்கு எப்ப வாய் வருதோ அப்பச் சொல்லு. ஆனா நான் போறதுக்குள்ள சொல்லிரு ஆத்தா. அங்க போயி அவனப் பாத்தா, ஒங்க அக்கா இன்னும் ஒன்னையத் தேடிக்கிட்டுத்தான் இருக்கான்னு நான் அவங்கிட்ட எப்பிடிச் சொல்லுவேன்?"

சரிம்மா என்றேன். இதை எழுதும் இன்றுவரை சொல்லவில்லை.